பலகைத் தரை, சிமெண்டுத் தரை

தோட்டத்துப் பலகை வீட்டில் ரெக்கார்டு ஓடும்போது பிள்ளைகள் ஓடக் கூடாது. ஹார்வர்ட், ஸ்கார்போரோ, பத்தானி பாரா, சுங்கை கெத்தா என்று சுங்கைப் பட்டாணியையும் பீடோங்கையும் சுற்றிக் கிடந்த எந்தத் தோட்டத்து ஆளாக இருந்தாலும் சரி, வீட்டில் பாட்டுப் பெட்டி இருந்திருந்தால் இந்தக் கட்டளையை மறந்திருக்க மாட்டார். "மெல்ல நட, ரெக்கார்டு ஓடுது." ஒரு பிள்ளை துள்ளினால் போதும், ஊசி எம்பி எங்கோ போய் விழும். பல்லவி பாடிக்கொண்டிருந்த பாகவதர் திடீரென்று சரணத்தில் நிற்பார். பிள்ளைக்கு முதுகில் ஒன்று விழும்.

பெட்டி எல்லா வீட்டிலும் இருந்ததில்லை. கிராணி வீடு, டிரெசர் வீடு, மிச்சம் பிடிக்கத் தெரிந்த மண்டோர் வீடு, பட்டணத்தில் கடைவீடுகளின் மாடி என்று அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தது. லயத்தில் ஒருவர் வாங்கிவிட்டால் அந்த வரிசைக்கே அதுதான் பெட்டி. வாசலில் பத்துப் பேர் குந்தியிருப்பார்கள். அத்தனை பேரும் ஆடாமல் அசையாமல் இருந்தால்தான் பாட்டு முழுதாக வரும்.

இன்று அந்தத் தோட்டங்களில் பல, வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பால்மரம் நின்ற மண்ணில் தாமான் வீடுகள் வரிசை பிடித்து நிற்கின்றன. தரை சிமெண்டு, அதன்மேல் ஓடு. பிள்ளைகள் குதித்தாலும் ஊசி அசையாது. அப்படியானால் தொல்லை தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. ரெக்கார்டு கேட்கும் பழக்கம் திரும்பி வந்திருக்கும் இந்தக் காலத்தில் தாமான் வீட்டுக்காரர்கள் என்னிடம் சொல்லும் குறை வேறு மாதிரியானது. "சத்தத்தைக் கூட்டினால் ஊம்னு ஒரு உறுமல் வருதுண்ணே." ஊசி குதிப்பது நின்றுவிட்டது. அதிர்வு நிற்கவில்லை. அன்று காலடியில் இருந்து வந்தது, இன்று வேறு வாசல் வழியாக வருகிறது. பழைய வாசலை அடைப்பதற்கு விற்கும் சாமான்களை வாங்கிக் காசை விடுகிறார்களே என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தக் காலத்துப் பெட்டியைப் பார்ப்போம். சாவி கொடுத்து ஓட்டும் கிராமபோனில் மின்சாரத்துக்கு வேலையே இல்லை. அரக்கில் செய்த தட்டு நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றும். பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூட ஓடும். எஃகு ஊசி, பக்கத்துக்கு ஒன்று. ஊசியைப் பிடித்திருக்கும் தலை 100 கிராமுக்கு மேல் தட்டை அழுத்தும். இன்றைய நல்ல கார்ட்ரிட்ஜ் அழுத்துவது 2 கிராம் அளவுதான். ஊசி ஓடும் பள்ளமும் அன்று அகலம், ஏறத்தாழ 0.15 மில்லிமீட்டர். எல்.பி. தட்டின் பள்ளம் அதில் மூன்றில் ஒரு பங்கு. இவ்வளவு பாரத்தோடு இவ்வளவு அகலமான பள்ளத்தில் உட்கார்ந்திருந்த ஊசி எம்பிக் குதித்தது என்றால், தரை அந்த ஆட்டம் ஆடியிருக்கிறது என்று பொருள்.

ஆடாமல் என்ன செய்யும்? பழைய பலகை வீடுகள் கால் மேல் நின்றவை. தூணுக்குத் தூண் குறுக்குச் சட்டம், சட்டத்தின்மேல் பலகை, பலகைக்கு ஆணி. வருடங்கள் போகப் போக ஆணி இளகும். நடக்கிறவர் விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு அடி வைப்பார். ஒவ்வொரு அடியும் சட்டத்தைத் தட்டி எழுப்பும். இரண்டு தூணுக்கும் நடுவில் சட்டம் அதிகம் வளையும், தூணை ஒட்டி வளையவே வளையாது. இந்தக் கணக்கைப் படித்துத் தெரிந்துகொள்ளாதவர்கள்கூடப் பெட்டியைத் தூண் ஓரத்தில்தான் வைத்தார்கள். நடுவீட்டில் வைத்தால் எல்லோரும் பார்க்கலாம், ஆனால் ஊசி நிலைக்காது. ஓரத்தில் வைத்தால் நிலைக்கும்.

பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் இருந்த என் பெரியப்பா ஒரு படி மேலே போனார். அவரிடம் இருந்தது பேட்டரியில் ஓடும் சிறிய ரெக்கார்டு பிளேயர். நல்ல கனமான பலகை ஒன்றை எடுத்து, நாலு மூலையிலும் துளை போட்டு, கயிறு கோத்து, உத்திரத்தில் தொங்கவிட்டார். பலகைக்கும் பிளேயருக்கும் நடுவே சைக்கிள் டயரில் வெட்டிய நாலு துண்டு. மட்டம் பார்க்க ரசமட்டம் கிடையாது. அலுமினியத் தட்டில் தண்ணீர் ஊற்றிப் பலகையில் வைத்து, தண்ணீர் எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ அந்தப் பக்கத்துக் கயிற்றை ஒரு முடிச்சு ஏற்றுவார். ஊசி வைக்கும்போது இடது கையால் பலகையைப் பிடித்துக்கொள்வார். கையை எடுத்ததும் பலகை ஒரு சின்ன ஆட்டம் ஆடி அடங்கும். அதுவரை யாரும் பேசக் கூடாது என்பார். பேச்சுக்கும் ஊசிக்கும் சம்பந்தமில்லை, அது அவருடைய மரியாதை.

அந்தத் தொங்கு பலகையில் ஒளிந்திருந்த அறிவைப் பிற்பாடுதான் புரிந்துகொண்டேன். ஒரு மீட்டர் நீளக் கயிற்றில் தொங்கும் எதுவும் ஒரு முறை போய்வர இரண்டு விநாடி எடுக்கும். இவ்வளவு மந்தமாக ஆடும் பொருளை வேகமான பக்கவாட்டு நடுக்கம் அசைக்கவே முடியாது. மேலும் கீழுமான அதிர்வைக் கயிறு கடத்தும்தான், ஆனால் உத்திரம் உட்கார்ந்திருப்பது தூண் தலையில். தரைச் சட்டத்தின் துள்ளல் அங்கே எட்டுவதில்லை. ஆக, வீட்டில் ஆடாத இடம் எதுவோ அதைக் கண்டுபிடித்து அங்கே பெட்டியை மாட்டியிருக்கிறார். இன்று மேல்நாட்டுக் கடைகளில் சுவரில் மாட்டும் டர்ன்டேபிள் தட்டு என்று விற்பதும் இதே யோசனைதான்.

எல்லோரும் அவ்வளவு பாடுபடவில்லை. ஊசி குதித்தால் தலையில் ஒரு காசை வைத்தார்கள். 1967-இல் வந்த மலேசியப் பத்துக் காசின் எடை 2.8 கிராம். அந்தக் காலத்துப் பீங்கான் கார்ட்ரிட்ஜ் நாலைந்து கிராம் அழுத்தும். காசு ஏறினால் அது ஏழெட்டு. குதிப்பது நின்றது உண்மை. பதிலாக ஊசி பள்ளத்தின் சுவரைச் செதுக்கித் தள்ளியது. முதலில் போவது உச்ச ஒலிகள். சுசீலா பாட்டில் 'ச' வரும் இடமெல்லாம் கரகரக்கத் தொடங்கும். பினாங்கு லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் தட்டுத் தேடுகிறவர்கள் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். தட்டை வெயிலுக்குச் சாய்த்துப் பிடியுங்கள். கறுப்பாய்ப் பளபளக்க வேண்டிய இடத்தில் சாம்பல் பூத்திருந்தால், அது யாரோ ஒருவர் வீட்டுத் தரை ஆடியதன் தழும்பு. உறையும் படமும் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை வாங்காதீர்கள்.

தோட்டத்தில் மிகச் சுத்தமாக ரெக்கார்டு ஒலித்த இடம் எதுவென்று கேட்டால், மாரியம்மன் கோயில் திருவிழாதான் என்பேன். மைக் செட்டுக்காரரின் மேசை மண் தரையில் நிற்கும். கூம்பு ஒலிபெருக்கிகள் எட்டத்தில் தென்னை மரத்தில் கட்டியிருக்கும். மைக்குக்கு முன்னால் ஒலிபெருக்கியை வைத்தால் ஊளையிடும் என்று செட்டுக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் இரண்டையும் எப்போதும் பிரித்தே வைத்தார்கள். ஆடாத தரை, தூரத்தில் ஒலிபெருக்கி. இந்த இரண்டு விதிகளில் இரண்டாவது, வீட்டுக்குள் வந்ததும் மறந்துபோயிற்று.

மறக்க வைத்தது ரேடியோகிராம். பெரிய மர அலமாரி, மூடியைத் திறந்தால் ஒரு பக்கம் ரேடியோ, மறுபக்கம் ரெக்கார்டு பிளேயர், கீழே ஒலிபெருக்கி. வசதியான வீட்டு ஹாலுக்கு அது ஒரு அந்தஸ்து. ஒலிபெருக்கியும் ஊசியும் ஒரே பெட்டிக்குள் குடியிருந்தால் என்ன ஆகும் என்று செய்தவர்களுக்குத் தெரியும். ஆகவே பி.எஸ்.ஆர்., கேரார்ட் போன்ற பிரிட்டிஷ் கம்பெனிகளின் சுழல்மேடைகளை ஸ்பிரிங் மேல் மிதக்கவிட்டார்கள். கப்பலில் வரும்போது ஆடாமல் இருக்க அதைத் திருகாணியால் இறுக்கி அனுப்புவார்கள். வீட்டுக்கு வந்ததும் அந்தத் திருகாணியைத் தளர்த்த வேண்டும். எத்தனையோ வீடுகளில் அதைக் கடைசிவரை தளர்த்தவே இல்லை. ஸ்பிரிங் இருந்தும் இல்லாத மாதிரிதான். இப்போதும் யாராவது பாட்டன் வீட்டு ரேடியோகிராமைத் துடைத்து எடுத்து வைத்தால், நான் முதலில் பார்ப்பது அந்தத் திருகாணியைத்தான்.

இங்கேதான் கதை திரும்புகிறது. சாவிப் பெட்டியில் ஊசியின் அசைவு தகட்டை ஆட்டி, கொம்பு வழியாக நேரே காதுக்கு வந்தது. தரையில் இருந்து வரும் மந்தமான அதிர்வை அந்தக் கொம்பால் ஒலியாக்கவே முடியாது. ஊசி குதித்தால்தான் தெரியும், குதிக்காதவரை தெரியாது. மின் பெருக்கி வந்ததும் நிலைமை தலைகீழாயிற்று. காந்தக் கார்ட்ரிட்ஜ் தருவது சில மில்லிவோல்ட். அதை நூறு மடங்கு பெருக்கினால்தான் அடுத்த கட்டத்துக்குப் போகும். அதோடு நிற்பதில்லை. பள்ளம் அகன்று தட்டை விழுங்காமல் இருக்க, தட்டு வெட்டும்போது தாழ் ஒலிகளைக் குறைத்து வெட்டுவார்கள். கேட்கும்போது அதே அளவு திருப்பிக் கூட்டுவார்கள். 1954-இல் அமெரிக்காவில் வகுத்த ஓர் அளவே பின்னர் உலகமெங்கும் இதற்குப் பொது அளவாயிற்று, ஆர்.ஐ.ஏ.ஏ. என்று பெயர். அதன்படி விநாடிக்கு 20 அதிர்வுள்ள ஒலி, 1000 அதிர்வுள்ள ஒலியைவிட ஏறத்தாழ ஒன்பது மடங்கு கூடுதலாகப் பெருக்கப்படும். தரை, மேசை, மோட்டார் ஆகியவற்றின் நடுக்கமெல்லாம் அந்தத் தாழ்ந்த மூலையில்தான் இருக்கிறது. பாட்டின் மென்மையான இடங்களில் ஊசி அசையும் தூரம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த அளவுக்கு மேசை அசைந்தாலும் ஊசிக்கு அது பாட்டுத்தான்.

உலகம் இதோடு மல்லுக்கட்டிய வரலாறு நீளமானது. சுருக்கமாகச் சொன்னால் இரண்டு வழிகள். அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் 1961-இல் ஏ.ஆர். டர்ன்டேபிளைக் கொண்டுவந்தார். சுழல்தட்டையும் ஊசியைத் தாங்கும் கையையும் ஒரே சட்டத்தில் பூட்டி, அந்தச் சட்டத்தை ஸ்பிரிங் மேல் மிதக்கவிட்டு, மோட்டாரைத் தனியே வைத்து ரப்பர் வாரால் ஓட்டினார். எழுபதுகளில் ஸ்காட்லாந்தின் லின் எல்.பி.12 அதே வழியில் வந்து பெயர் வாங்கியது. ஜப்பானின் டெக்னிக்ஸ் மறு வழியில் போனது. 1970-இல் வந்த அதன் எஸ்.பி.-10-இல் மோட்டாரே சுழல்தட்டின் அச்சாயிற்று. 1979-இன் எஸ்.எல்.-1200 எம்.கே.2 வார்ப்பு அலுமினியமும் கனத்த ரப்பரும் சேர்ந்த உடம்போடு, 12 கிலோவுக்கு மேல் எடையோடு வந்து உலகத்து டிஸ்கோக்களில் உட்கார்ந்துகொண்டது.

வாங்கப் போகிறவர் தன் தரையை முதலில் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். ஸ்பிரிங்கில் மிதக்கும் டர்ன்டேபிள் விநாடிக்கு மூன்று முதல் ஐந்து முறை ஆடும் சுபாவமுள்ளது. பலகைத் தரையில் வைத்தால் காலடியோடு சேர்ந்து ஆடும். சிமெண்டுத் தரையில் அதற்கு நிகரில்லை. கனத்த டர்ன்டேபிள் காலடியில் தடுமாறாது, ஆனால் மேசை வழியே வரும் அதிர்வைத் தானாக வடிகட்டாது. அதற்கு மேசையைத்தான் கவனிக்க வேண்டும்.

இனி தாமான் வீட்டுக்கு வருவோம். அண்மையில் ஒரு தம்பி கூப்பிட்டார். சுங்கைப் பட்டாணி பண்டார் அமன்ஜெயா பக்கம் ஒற்றை மாடி வரிசை வீடு. எண்பதுகளின் இளையராஜா எல்.பி.க்களைத் தேடித் தேடிச் சேர்க்கிறவர். டிவி கேபினெட்டின் நடுவில் டர்ன்டேபிள், இரண்டு பக்கமும் அதே கேபினெட்டின்மேல் ஒலிபெருக்கிகள். டர்ன்டேபிளுக்கு அடியில் முந்நூறு வெள்ளிக்கு இணையத்தில் வாங்கிய நாலு ரப்பர் கால்.

"பேஸ் கிட்டார் வர்ற எடத்துல ரூமே உறுமுதுண்ணே. இன்னும் நல்ல காலா வாங்கணுமா?"

"காலை விடுங்க தம்பி. தட்டு சுத்தாம ஊசிய மட்டும் வைங்க."

சுழலாத தட்டின்மேல் ஊசியை இறக்கி, ஒலியை வழக்கமாகக் கேட்கும் அளவுக்கு மெல்ல ஏற்றினோம். விரல் கணுவால் கேபினெட்டைத் தட்டினேன். ஒலிபெருக்கியில் 'தொம்' என்று விழுந்தது. தரையில் காலால் ஓங்கி மிதித்தேன், ஒன்றும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் ஏற்றியதும் யாரும் தொடாமலே 'ஊம்' என்று எழும்பிப் பெருகத் தொடங்கியது, சட்டென்று இறக்கினோம். திருவிழாவில் செட்டுக்காரர் பயந்த அதே ஊளைதான், தாழ்ந்த குரலில். ஒலிபெருக்கி பலகையை ஆட்டுகிறது, பலகை ஊசியை ஆட்டுகிறது, ஊசி அதையே திரும்ப ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. இந்தச் சோதனைக்கு ஒரு காசும் செலவில்லை. எந்த வாசல் வழியாக அதிர்வு வருகிறது என்று ஒரே நிமிடத்தில் சொல்லிவிடும்.

ஒலிபெருக்கிகளை இறக்கித் தனி ஸ்டாண்டில், தரையில் வைத்தோம். பாதி உறுமல் அங்கேயே போயிற்று. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி வைத்தோம். அது காற்றில் வரும் தாழ் ஒலியை வாங்கி டர்ன்டேபிளுக்குக் கொடுக்கிற அகலமான தகடு, தூசிக்காக மூடுவதெல்லாம் பாட்டு முடிந்த பிறகு. கேபினெட்டைச் சுவர் மூலையில் இருந்து நகர்த்தினோம், தாழ் ஒலி மூலையில்தான் குவியும். மூன்றும் செய்தபின் அந்த நாலு கால் இருந்தும் இல்லாமலும் கேட்டுப் பார்த்தார். வித்தியாசம் அவர் காதுக்குப் படவில்லை.

ஆனால் இன்னொன்று மிஞ்சியது. பாட்டு இல்லாத நேரத்திலும் ஒலிபெருக்கியின் கூம்பு உள்ளும் வெளியும் மூச்சு வாங்குவதுபோல் மெதுவாக ஆடியது. கொஞ்ச நேரத்தில் தானாக நின்றது, பிறகு மறுபடி வந்தது. தேடிப் பார்த்தால் பக்கத்து வீட்டு வாஷிங் மெஷின். ஆயிரம் சுற்றில் துணி பிழியும் மெஷின் விநாடிக்கு 17 முறை அதிரும். இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர், அந்தச் சுவரை ஒட்டித்தான் இவருடைய கேபினெட். வரிசை வீட்டில் இதை நினைவில் வைக்க வேண்டும். மேல்நாட்டுப் புத்தகங்கள் டர்ன்டேபிளைச் சுவரில் மாட்டு என்று சொல்லும். தனி வீட்டுக்கு அது சரி. லயத்தைப் போலவே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் தாமான் வீட்டில், எந்தச் சுவர் உங்களுடையது, எந்தச் சுவர் இருவருடையது என்று பார்த்துத்தான் ஆணி அடிக்க வேண்டும். அவர் கேபினெட்டை எதிர்ப்பக்க உள்சுவருக்கு மாற்றினார். பெரும்பகுதி அடங்கியது.

மிச்சத்துக்குத்தான் ரப்பர். ரப்பரைப் பற்றி நம் ஊரில் தெளிவாகப் பேசியாக வேண்டும், ஏனென்றால் அது நம்முடைய பொருள்.

மெத்தென்று இருந்தால் ரப்பர் அதிர்வைத் தடுக்கும் என்று நினைக்கிறோம். அப்படியில்லை. ரப்பர் மேல் ஒரு பாரத்தை வைத்தால் அந்தச் சோடிக்கு என்று ஒரு சொந்த ஆட்டம் பிறக்கும். பாரத்தால் ரப்பர் எவ்வளவு அமுங்குகிறதோ, அதை வைத்தே அதை ஏறத்தாழக் கணக்கிடலாம். ஒரு மில்லிமீட்டர் அமுங்கினால் விநாடிக்கு 16 ஆட்டம், நாலு மில்லிமீட்டர் அமுங்கினால் 8, பத்து மில்லிமீட்டர் அமுங்கினால் 5. அந்தச் சொந்த ஆட்டத்தைப் போல் 1.4 மடங்குக்கு மேற்பட்ட அதிர்வுகளைத்தான் ரப்பர் தடுக்கும். அதற்குக் கீழே தடுக்காது, சொந்த ஆட்டத்துக்குப் பக்கத்தில் வந்தால் பெருக்கிவிடும். கட்டையான ரப்பர் காலின்மேல் இலேசான டர்ன்டேபிளை வைத்தால் அது அரை மில்லிமீட்டர்கூட அமுங்காது. 17 அதிர்வில் வரும் வாஷிங் மெஷினைத் தடுப்பதற்குப் பதில் கைகொடுத்துத் தூக்கிவிடும். முந்நூறு வெள்ளிக் கால் செய்த வேலை அதுதான். கையும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்த சொந்த ஆட்டம் வேறு 8-க்கும் 12-க்கும் இடையில் இருக்கும்படி அமைத்திருப்பார்கள். கீழே இருக்கும் ரப்பரும் அதே எண்ணில் வந்து நின்றால் இரண்டும் சேர்ந்துகொள்ளும்.

ஆகவே சூத்திரம் எளிது. மேலே கனம், கீழே மென்மை. சமையலறை கேபினெட் கடையில் மிஞ்சிக் கிடக்கும் கருங்கல் துண்டு ஒன்றை டர்ன்டேபிள் அளவுக்கு வாங்கலாம். அதன் அடியில் சிறிய சைக்கிள் டியூப் ஒன்றைப் பாதிக் காற்றோடு வளையமாக வைக்கலாம். கல் மிதந்து நிற்க வேண்டும், கையால் அழுத்தினால் மெதுவாக இறங்கி மெதுவாக எழும்ப வேண்டும். காற்று அதிகமானால் பயன் போய்விடும். வாரத்துக்கு ஒரு முறை ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும், டியூப் காற்று இழக்கும்.

டியூப் பிடிக்காதவர்களுக்கு ஸ்குவாஷ் பந்து. உலகமெங்கும் ரெக்கார்டு பிரியர்கள் கையாளும் வழி இது. 40 மில்லிமீட்டர் பந்து, பி.வி.சி. குழாயில் வெட்டிய வளையத்துக்குள் உட்கார்ந்தால் உருளாது. இரட்டை மஞ்சள் புள்ளி போட்டதை வாங்க வேண்டும். எல்லாவற்றிலும் குறைவாக எகிறும் பந்து அது. எகிறவில்லை என்றால், வாங்கிய சக்தியைத் திருப்பித் தராமல் உள்ளேயே சூடாக்கிக் கரைத்துவிடுகிறது என்று அர்த்தம். ஆட்டம் சீக்கிரம் அடங்கும். 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஸ்குவாஷ் ஒற்றையர் தங்கமும், 2024-இல் லண்டன் கிளாசிக் பட்டமும் வென்ற சிவசங்கரி சுப்பிரமணியம் நம் சுங்கைப் பட்டாணிப் பெண். அந்தப் பந்தை இந்த ஊர் ஆட்கள் கையில் எடுக்கும்போது கொஞ்சம் பெருமையோடு எடுக்கலாம்.

இயற்கை ரப்பருக்கு ஆயுள் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் வெக்கையில் சில வருடங்களில் இறுகும், அல்லது பிசுபிசுத்து வார்னிஷ் பூசிய பலகையில் கறை பிடிக்கும். அடியில் ஓர் ஓட்டுத் துண்டு வையுங்கள், இறுகியதும் மாற்றிவிடுங்கள்.

இந்த ரப்பர் எங்கெல்லாம் போயிருக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு மனம் நிறைகிறது. இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்டு அருகே பிரிக்கண்டன்பரியில் மலாயா ரப்பர் உற்பத்தியாளர்களின் பணத்தில் வளர்ந்த ஆய்வுக்கூடம் இருக்கிறது, இன்று துன் அப்துல் ரசாக் பெயரில். லண்டனில் பாதாள ரயில் நிலையத்துக்கு மேலேயே 1966-இல் எழுந்த ஆல்பனி கோர்ட் கட்டடம் ரப்பர் தாங்கிகள்மேல் நிற்கிறது. கீழே ரயில் ஓடும், மேலே குடியிருப்பவர் தூங்குவார். கலிபோர்னியாவில் ராஞ்சோ குகமோங்காவின் நீதிமன்றக் கட்டடம் 1985-இல் அந்த ஆய்வுக்கூடம் உருவாக்கிய இயற்கை ரப்பர் தாங்கிகள்மேல் கட்டப்பட்டது. நிலநடுக்கத்துக்காக இப்படித் தரையில் இருந்து பிரித்து வைத்த முதல் அமெரிக்கக் கட்டடம் அது. நமக்கு அருகிலேயே, 2014-இல் திறந்த பினாங்கு இரண்டாவது பாலம், 24 கிலோமீட்டர் நீளம், நம் கெடாவின் மறைந்த சுல்தான் அப்துல் ஹாலிம் பெயரைத் தாங்கியது. அதன் அடியிலும் அதே வகை ரப்பர் தாங்கிகள். சுமத்ராவில் பூமி குலுங்கினால் பாலம் தாங்க வேண்டும் என்பதற்காக. 2004 டிசம்பர் 26-இல் அப்படி ஒரு குலுக்கலில் எழுந்த சுனாமி வந்து மோதிய கோத்தா கோலமூடா நமக்குப் பக்கத்தில்தான். அந்தக் கவலை எவ்வளவு நியாயமானது என்று இந்த ஊருக்குத் தெரியும்.

கல்லுக்கு அடியில் டியூபும் பாலத்துக்கு அடியில் தாங்கியும் ஒரே கணக்கில்தான் வேலை செய்கின்றன. விடியலுக்கு முன் பெரட்டில் நின்று, நிரை நிரையாய்ப் பால் வெட்டி, மங்கு மங்காய்ச் சேர்த்து, ஸ்டோருக்குச் சுமந்தவர்கள் வீட்டில், அவர்கள் எடுத்த ரப்பர் சைக்கிள் டயர் துண்டாகத்தான் பாட்டுப் பெட்டிக்கு அடியில் வந்து சேர்ந்தது. பெரியப்பா வெட்டி வைத்த நாலு துண்டும் அமுங்கியிருக்குமா என்று கேட்டால், அவ்வளவு இலேசான பிளேயருக்கு அமுங்கியிருக்காது. வேலை செய்தது கயிறுதான். ஆனால் அவர் கை போன திசை சரி.

இன்று புதிதாக வாங்குகிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்வேன். சூட்கேஸ் மாதிரி மூடும் பிளேயர்கள் விலை மலிவு, பார்க்க அழகு. அதற்குள் ஊசியும் ஒலிபெருக்கியும் ஒரே பெட்டியில், நடுவில் ரேடியோகிராமில் இருந்த ஸ்பிரிங்கூட இல்லாமல் உட்கார்ந்திருக்கின்றன. ஐந்தாறு கிராம் அழுத்தும் பீங்கான் கார்ட்ரிட்ஜ் வேறு. தாத்தா வைத்துவிட்டுப் போன தட்டுகளை அதில் போடாதீர்கள். அறுபதுகளில் தலையில் வைத்த பத்துக் காசு இந்தப் பெட்டிகளில் பிறவியிலேயே இருக்கிறது. கொஞ்சம் பொறுத்து, ஒலிபெருக்கி தனியாக இருக்கும் சாதாரண டர்ன்டேபிள் ஒன்றை வாங்குங்கள். டெக்னிக்ஸின் 2019 எம்.கே.7 மலேசியாவிலேயே தயாராவது, விலை அதிகம்தான். பழையதில் நல்லது கிடைத்தால் அதற்கும் இதே கவனிப்புப் போதும்.

சுங்கைப் பட்டாணி ஜாலான் இப்ராஹிமில் மணிக்கூண்டுப் பக்கம் பழைய கடைவீடுகளின் மாடியில் இன்னும் பலகைத் தரையோடு குடியிருப்பவர்களுக்கு மேலே சொன்னதில் பாதி பொருந்தாது. அவர்கள் ஸ்பிரிங் வைத்த டர்ன்டேபிளைத் தரையில் நிற்கும் மேசையில் வைக்க வேண்டாம். சைக்கிள் டியூபும் வேண்டாம், காலடியோடு சேர்ந்து ஊஞ்சலாடும். கனத்த செங்கல் சுவரில் இரும்புத் தாங்கி அடித்து அதன்மேல் வைக்கட்டும். சுவரில் அடிக்க வீட்டுக்காரர் விடாவிட்டால், மேசையை அறை நடுவில் இருந்து எடுத்து, சட்டம் சுவரில் ஏறும் ஓரத்துக்குக் கொண்டுபோகட்டும், மேசைக்கால்கள் ஒரே பலகையில் இல்லாமல் சட்டத்துக்கு நேர்மேலே நிற்கும்படி. சட்டம் எங்கே ஓடுகிறது என்று ஆணித் தலைகளின் வரிசையைப் பார்த்தால் தெரியும்.